வேன் தரையில் காலடி இல்லை

காலை 11.40. மீன் வியாபாரி, ஃபைபர் கிளாஸ் பட்டறையில் வேலைக்கு விட்டிருந்த தன் வேனின் பின்கதவைத் திறந்தார். திறந்த கையோடு அவர் போட்ட அலறலில், எதிர் வரிசை டயர்க்கடைக்காரர் பிடித்திருந்த ஜாக்கியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

உள்ளிருந்து மூச்சை அடைக்கும் ரெசின் நெடி. உள்கோடியில், டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தகரத் தடுப்பை ஒட்டி, பட்டறை மேஸ்திரி ஒருக்களித்துக் கிடந்தார். வலது கையில் மரம் தேய்க்கிற உப்புத்தாள், கசங்கியபடி. அவருக்கும் கதவுக்கும் நடுவே ஆறடி நீளத்துக்குத் தரை ஈரமாகப் பளபளத்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

வியாபாரி யோசிக்கவில்லை. தோள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஈரத்திலேயே ஓடினார். மேஸ்திரியின் அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார். மூச்சு இருந்தது, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு.

11.45. மேஸ்திரியின் மச்சினன் கடைப் பையோடு ஓடி வந்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். முப்பது வயதாகியும் எல்லோருக்கும் சின்னவன்தான். "மாமா! மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஆம்புலன்ஸில் மேஸ்திரியை ஏற்றி அனுப்பினார்கள்.

12.30. இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. முதல் தடவையே சரியான பதில் வாங்கிவிடுவார்.

"விபத்துதான் மேடம்," என்றார் ஏட்டு. "கதவைச் சாத்திக்கிட்டு வேலை செஞ்சிருக்காரு. நெடி அடிச்சு மயங்கிட்டாரு. எழுதி முடிச்சிரலாமா?"

"எழுதுறதுக்கு என்ன அவசரம்? பேனா எங்கயும் ஓடிடாது."

விஷயம் சாதாரணமானது. மீன் தண்ணீர் ஒழுகி ஒழுகி வேனின் தகரத் தரை அரித்துவிட்டது. அதன்மேல் பிளைவுட் அடித்து, கண்ணாடி இழைப் பாயை விரித்து, இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த ரெசின் பிசினை ஊற்றி, ரோலரால் உருட்டிக் குமிழி எடுத்தால் ஃபைபர் கிளாஸ் தரை தயார். சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. ஒரே கட்டாயம், கலந்த ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது. அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும்.

இன்ஸ்பெக்டர் பட்டறையை ஒரு சுற்று வந்தார். சுவர் ஆணியில் நெடி தடுக்கும் முகமூடி தொங்கியது. வேனுக்கு வெளியே ரெசின் வாளி, அடியில் மிச்சம் இறுகிக் கிடந்தது. பக்கத்தில் பாய் வெட்டிய கத்தரி. பெஞ்சுக்கு அடியில் அசிட்டோன் டப்பா, அதில் ஊறும் ரோலர். அலசிக் கவிழ்த்த டீ ஃபிளாஸ்க். வேனுக்குள் வியாபாரியின் செருப்புத் தடமும் மேஸ்திரியின் குதிகால் இழுபட்ட கோடும் மட்டும், இப்போது கெட்டியாக உறைந்துபோய்.

"நீ சொல்லு தம்பி."

சின்னவன் கண்ணைத் துடைத்தான். "ஒம்பது மணிக்கு உள்பக்கப் பாதிய நாங்க ரெண்டு பேரும் போட்டு முடிச்சோம் மேடம். அது காயுறவரைக்கும் டீ குடிச்சோம். பத்தரைக்கு நான் பிரஷ் வாங்கக் கிளம்பிட்டேன். மீதிப் பாதிய மாமா தனியாப் போட்டிருக்காரு. தூசி விழுந்திரும்னு கதவைச் சாத்தியிருப்பாரு."

"பில்லுல பதினொண்ணு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே? கடை எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிஷ நடை. கடையில ஒரே கூட்டம் மேடம்."

அடுத்து மீன் வியாபாரி.

"மேஸ்திரியோட சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன்தான். போன வாரமே வண்டியக் குடுக்கிறேன்னாரு. மீனு வெயிட் பண்ணுமா மேடம்? கத்தினேன். அதுக்காகக் கொல்லுவாங்களா? செருப்பு ரெண்டும் பாழாப்போச்சு, பாருங்க."

"இந்த வேலை உங்களுக்குத் தெரியுமா?"

"மீனோட செதில் எடுக்கத் தெரியும்."

"அந்த ரோலரை எதுல கழுவுவாங்க?"

வியாபாரி விழித்தார். "எதுல கழுவுவாங்க? சோப்புத் தண்ணியிலதான்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

1.20. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரின் போன்.

"வெறும் நெடின்னா ஆக்சிஜன் வெச்சதும் தெளிஞ்சிருக்கணும். இவருக்கு மூச்சு குறைஞ்சுக்கிட்டே போகுது. வேற ஏதோ உள்ள போயிருக்கு. ரத்தப் பரிசோதனை முடிவு சாயந்தரம்தான் வரும். அதுவரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியல. என்னன்னு நீங்க கண்டுபிடிச்சா உடனே சொல்லுங்க."

ஏட்டு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விபத்து என்று எழுத நினைத்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

1.35. மேஸ்திரியின் மனைவியைப் பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அப்படியே வந்திருந்தார். காலில் செருப்பில்லை.

"டீ யாரு போட்டது?"

"நான்தான். ஃபிளாஸ்க்ல ஊத்திச் சின்னவன்கிட்ட குடுத்து விட்டேன்." அவர் மிரண்டார். "ஏன் மேடம்? என் டீயிலயா?"

"முகமூடி இல்லாம உங்க வீட்டுக்காரர் வேலை செய்வாரா?"

"ரெசின் வாளி மூடியைக்கூடத் திறக்க மாட்டாரு. என் தம்பியையும் அதுக்காகத் திட்டிக்கிட்டே இருப்பாரு."

"யாரோடயாவது பகை?"

"இவருக்கா? நாளைக்குப் படகு விசாரணையில சாட்சி சொல்லணும். அந்த ஒரே கவலைதான்."

ஏரியில் சவாரி விட்ட ஒரு படகு போன மாதம் நடுத்தண்ணீரில் அடி பிளந்தது. இரண்டு பேர் மூழ்கிப் போனார்கள். அந்தப் படகு இந்தப் பட்டறையில் செய்தது.

"அதுலேர்ந்து வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல. தம்பி மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் கண்ணை மூடுறான். இவரு மாத்திரை எல்லாம் தொட மாட்டாரு, மோட்டுவளையப் பாத்துக்கிட்டே விடிய வெச்சிடுவாரு."

இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்தார். "எல்லாரும் வேன்கிட்ட வாங்க."

2.05. பின்கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. சின்னவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, இந்த மீதிப் பாதியை எங்க ஆரம்பிச்சு எங்க முடிப்பீங்க?"

"உள்ளேர்ந்து ஆரம்பிச்சு, அப்படியே பின்னால நகந்து கதவுக்கு வருவோம். கீழ இறங்கி நின்னு கடைசித் துண்டை ஒட்டுவோம்."

"அப்ப போட்டு முடிக்கிற ஆள் எங்க இருப்பான்?"

சின்னவன் அக்காவின் கையை இன்னும் இறுகப் பிடித்தான். இன்ஸ்பெக்டரே சொன்னார்.

"வெளியில இருப்பான். மேஸ்திரி உள்கோடியில கிடந்தாரு. நடுவுல ஆறடி ஈரம், காலடி இல்ல. முப்பது வருஷம் தொழில் பாத்தவரு தன்னைத்தானே மூலையில பூட்டிக்கிட்டாரா? கையில இருந்தது உப்புத்தாள். காய்ஞ்ச பாதியோட விளிம்பைத் தேய்க்கப் போயிருக்காரு. அதுக்கு அந்த முகமூடி வேணாம், அதான் ஆணியிலயே தொங்குது. அங்கயே அசந்து விழுந்திருக்காரு."

"மாமா எழுந்து போட்டிருக்கலாம், அப்புறம்..."

"இந்தப் பட்டறையில ரோலர் எத்தனை?"

"ஒண்ணு."

"அது எங்க?"

எல்லோர் கண்ணும் பெஞ்சுக்கு அடியில் போயின. மத்தியானத்திலிருந்து அத்தனை பேரும் அந்த டப்பாவைத் தாண்டித்தான் நடந்திருந்தார்கள்.

"உள்ள மாட்டிக்கிட்ட மனுஷன், வெளியில பெஞ்சுக்கு அடியில இருக்கிற அசிட்டோன்ல ரோலரை எப்படிப் போட்டாரு?" இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை. "அதுல போடலேன்னா ரோலர் அரை மணியில இறுகிப் போயிடும்னு தெரிஞ்ச கை போட்டிருக்கு. மீன்காரருக்குச் சோப்புத் தண்ணிதான் தெரியும். தம்பி, நெடி ஏறணும்னா வாளியைத் திறந்து உள்ள வெச்சுக் கதவைச் சாத்தியிருந்தாலே போதும். கலந்த ரெசினை வீணாக்க உனக்கு மனசு வரல. மாமா உள்ள கிடக்கிறாரு, நீ பாயை விரிச்சு, ஒரு குமிழி இல்லாம உருட்டி, விளிம்பு சீவி, ரோலரை ஊறப் போட்டுட்டுக் கடைக்குப் போயிருக்கே."

மீன் வியாபாரி இரண்டடி பின்னால் போய்விட்டார். பக்கத்தில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்க, ஒருத்தன் மண்டியிட்டுத் தரையை இழைத்துக்கொண்டிருந்தான் என்பதை மனசு எப்படி ஏற்கும்? ஏட்டு இருபது வருடச் சர்வீஸில் எத்தனையோ பார்த்தவர். அவர் போய்ச் சின்னவனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மேஸ்திரியின் மனைவி தம்பியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். கத்தவில்லை, அடிக்கவில்லை.

"டீயில உன் மாத்திரையா?"

"அக்கா..."

"எத்தனை?"

"மாமா மூணு அடுக்குப் பாய் போடச் சொன்னாருக்கா. படகுக்கு நான் ஒரு அடுக்குதான் போட்டேன். நாளைக்கு என்னைக் காட்டிக் குடுத்திருப்பாரு. ரெண்டு உயிர் போயிருக்குக்கா, நான் ஜெயில்லயே..."

"எத்தனைன்னு கேட்டேன்டா!"

"பத்து."

"பேரு?"

சொன்னான். இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே டாக்டரின் நம்பரைப் போட்டு போனை நீட்டியிருந்தார். மனைவி அதை வாங்கி, மாத்திரையின் பெயரையும் எண்ணிக்கையையும் இரண்டு தடவை நிதானமாகச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

மாலை 5.50. மேஸ்திரி கண் திறந்தார். கட்டிலருகே மனைவி. வாசலில் இன்ஸ்பெக்டர்.

"சின்னவன் எங்க?" நாக்கு குழறியது. "டீ குடிச்சதும் தலை சுத்திச்சு. அவனும் அதே டீதான். உள்ள எங்கயாவது விழுந்து கிடக்கப் போறான், பாத்தீங்களா?"

மனைவி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர்தான் கிட்டே வந்து, சுற்றி வளைக்காமல், நடந்ததைச் சொன்னார். மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கவும் அவர் கை தூக்கவில்லை.

"காட்டிக் குடுப்பேன்னு நினைச்சானா? என் சட்டை எங்க? பையில ஒரு காகிதம் இருக்கும்."

நர்ஸ் கொண்டுவந்த சட்டையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. நாளைய விசாரணைக்காக அவரே தன் கையால் எழுதியது. இன்ஸ்பெக்டர் படித்தார். 'படகின் அடியைச் சோதிக்காமல் அனுப்பியது மேஸ்திரியாகிய நான். வேலையாளின் தவறைப் பார்த்துத் திருத்த வேண்டியவனும் நானே. தண்டனையை எனக்கே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"முன்னாடியே சொன்னா வேணாம்னு அழுவான். அதான் சொல்லல," என்றார் மேஸ்திரி.

இன்ஸ்பெக்டர் தாளை மனைவியிடம் கொடுத்தார். அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார், மடித்தார், திருப்பி நீட்டினார்.

"இதைக் கொண்டுபோய் அவன் கையில குடுங்க மேடம். படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."