சுமையான் இறங்கினால் நிற்கும்

“அம்மா, அந்தப் பொட்டிக்கு மட்டும் எல்லா வண்டியும் ஏன் நிக்குது?”

யாழ்நங்கை இப்படிக் கேட்டபோது அவளுக்கு வயது ஐந்து. தாய் பூவரசி மகளின் கையை இறுகப் பிடித்தபடி, மற்றவர்களைப் போலவே சாலையோரத்தில் சுமையானுக்காகக் காத்திருந்தாள்.

2121ஆம் ஆண்டின் எட்டாம் வளைவுச் சாலையில் சிக்னல் கிடையாது. ஓட்டுநர் இல்லாத தன்னோடிகள் அம்பாகப் பறக்கும். பார்சல் சுமந்து ஆறு சக்கரங்களில் உருளும் சுமையான் என்ற இரும்புப் பெட்டி சாலையில் இறங்கினால் மட்டும் அத்தனையும் நிற்கும். தேருக்குப் பின்னால் போவதுபோல் சனங்கள் அதை ஒட்டியே கடப்பார்கள். அதைத் தவறவிட்டுத் தனியாக இறங்கியவர்களின் படங்கள் எதிர்ச்சுவரில் மாலையோடு தொங்கின.

ஒரு காலை, நடுச்சாலையில் யாழ்நங்கையின் செருப்பு கழன்றது. கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

“யாரும்மா அது, புள்ளையப் புடி! பொட்டி போயிடும்!” என்று கத்திக்கொண்டே கூட்டம் அக்கரை ஏறிவிட்டது.

பொட்டி போகவில்லை. பிள்ளை செருப்பை மாட்டி முடிக்கும்வரை, பக்கவாட்டில் ஒரு பழைய நசுங்கலும் நெற்றியில் பச்சை விளக்குமாக அசையாமல் நின்றது. பூவரசிக்குக் கைகூப்பத் தோன்றியது, கூப்பினாள்.

அன்றே சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனாள்.

“சார், சுமையானுக்கு நிக்கிற வண்டி எம்புள்ளைக்கு ஏன் நிக்காது?”

பொறியாளர் மாசிலாமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க வண்டி ஓட்டுன வீடியோவப் பாத்துக் கத்துக்கிட்ட மூளைம்மா அந்த வண்டிங்களுக்கு. அவங்க எதுக்கு பிரேக் போட்டாங்களோ, அதுக்குத்தான் போடும்.”

“எதுக்குப் போட்டாங்க?”

“பள்ளம், மாடு, வேகத்தடை. வண்டிக்கு அடிபடும்னா போட்டாங்க.”

“ஆளு வந்தா?”

“ஹாரன் அடிச்சாங்க.”

“அப்ப எம்புள்ளைக்காக நின்ன சுமையான்?”

“அது ரோட்ல நடந்தவங்க வீடியோவப் பாத்துக் கத்துக்கிட்டது.”

“அவங்க வேற ஆளுங்களா சார்?”

மாசிலாமணி முதல்முறையாக நிமிர்ந்தார். “அதே ஆளுங்கதாம்மா. வண்டிய விட்டு எறங்குனப்ப எடுத்தது.”

ஐப்பசி மழையில் ஒரு மதியம், வீடு திரும்பும் வழியில், அதே சுமையான் ஓரத்துச் சாக்கடையில் சாய்ந்து கிடந்ததைப் பூவரசி கண்டாள். பக்கவாட்டில் இருந்த அந்த நசுங்கலே அடையாளம். அதை நம்பி நின்றவர்கள் வேறொரு சுமையானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லை.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்கடையில் இறங்கினாள். அதன் சக்கரங்கள் சுழலச் சுழல, தோள்கொடுத்து மேலேற்றினாள். அதன் கேமராக் கண்ணில் அப்பியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

சுமையான் சாலையில் இறங்கியது, தன்னோடிகள் நின்றன. பூவரசிக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை எதுவும் இல்லை. அது அக்கரை சேரும்வரை அங்கேயே நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.