தலை சரி

அருவியை விட்டுக் கிளம்பி முக்கால் மணி நேரமாகியும் வேனின் கடைசி சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை.

மற்றவர்களின் மஞ்சள் மழைக்கோட்டுகள் எப்போதோ காய்ந்துவிட்டன. கடைசி சீட்டில் மட்டும் சொட், சொட் என்று சீராக விழுந்தது. அந்தத் தண்ணீர் ஒரு மெல்லிய கோடாக நடைபாதையில் இறங்கி, ஒவ்வொரு வளைவிலும் இடமும் வலமும் அலைந்து, முன்னால் உட்கார்ந்திருந்த கைடின் செருப்பைத் தொட்டது. கூடவே ஒரு வாடை, பாசி படிந்த கல்லைப் புரட்டினால் வருமே, அது.

கைடு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது அவன் வழக்கமில்லை. பதினாறு வருஷமாக இதே மலை, இதே தேயிலை, இதே அருவி. ஏறுகிறவர்களும் ஒரே ஜாடைதான். தேயிலையைக் கண்டதும் "எவ்ளோ பச்சை!" என்று வாயைப் பிளப்பார்கள். பச்சையாக இல்லாமல் பின்னே ஊதாவாகவா இருக்கும்? செடிக்கு நடுவே நின்று, அடுத்தவன் கூடையை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, தாங்களே பறித்த மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள். அருவிக்குப் போனால் அதையும் பார்க்காமல் அதற்கு முதுகைக் காட்டிப் பல்லிளிப்பார்கள். இவர்கள் முகத்தையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள அவனுக்கென்ன தலையெழுத்தா?

அவனுக்கு வேண்டியது தலை. அதற்காகத்தான் கம்பெனி எல்லோருக்கும் ஒரே மஞ்சள் கோட்டு கொடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் ஏறியதும் வாசலில் நின்று மஞ்சள் முக்காடுகளை எண்ணுவான். பன்னிரண்டு. "தலை சரி. போலாம்" என்பான். டிரைவர் கியரைப் போடுவான். அருவியிலும் அப்படித்தான் எண்ணினான். பன்னிரண்டு இருந்தது.

பன்னிரண்டாவது தலை அவன் மனைவியுடையது.

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு தடவை கூட்டிப்போங்கள் என்று. "தண்ணி மேலேருந்து கீழ விழும். அதைப் பார்க்க நம்ம வீட்டுக் குழாய் போதாதா?" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தான். இன்று காலையில் ஒருவர் வரவில்லை. சீட்டு காலி. வேறு சாக்கு அகப்படவில்லை.

"வா. ஆனா யாருகிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. என் பொண்டாட்டின்னு மூச்சு விடக் கூடாது. என் மானம் போயிடும். ஏறுன்னா ஏறணும், இறங்குன்னா இறங்கணும். புரியுதா?"

"சரிங்க. மாத்திரை போட்டீங்களா?"

"இப்பதான் சொன்னேன், வாயைத் திறக்காதேன்னு."

அவள் மாத்திரை அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு காலி பாட்டிலையும் திணித்தாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை. அதன்பின் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பழக்கம், முன்னாடியே கற்றுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தான்.

போன் அடித்தது. அருவி வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆள். வருகிறவர்களைத் திட்டுவதில் கைடுக்கு உற்ற துணை.

"என்ன சார், ஒரு தலையை விட்டுட்டுப் போயிட்டீங்க?"

"நானா? எண்ணிட்டுதான்யா ஏத்தினேன்."

"இங்க ஒரு அம்மா நிக்கிறாங்களே. கைடோட பொண்டாட்டின்னு சொல்றாங்க. கத்தி ஊரைக் கூட்டுறாங்க சார்."

பின்னாலிருந்து கேட்டது இருமல் அல்ல, சிரிப்பு அல்ல. சொட். சொட்.

அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பினான். பதினொரு முகங்கள், தூங்கியும் கொறித்தும். கடைசியில் ஒரு மஞ்சள் முக்காடு, மூக்குவரை இழுத்துவிட்டு, தலை கவிழ்ந்து. கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. தோள்கள் மட்டும் மெல்ல நடுங்கின. குளிரா, சிரிப்பா, தெரியவில்லை.

"கடைசி சீட்டு. என்ன, சரியா இருக்கா?"

முக்காடு மெதுவாக, மேலும் கீழும், ஒரு தடவை ஆடியது. சத்தமில்லை.

காலையில் அவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை. கையில் வளையல் உண்டா? செருப்பு எப்படி? ஒன்றுமே வரவில்லை. இத்தனை வருஷமாகச் சோறு போட்டவள் முக்காட்டுக்குள் எப்படி உட்காருவாள் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"வண்டியைத் திருப்பு" என்றான்.

"என்னண்ணே, அடுத்து டீ பேக்டரி இல்லையா?" டிரைவர் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது.

"திருப்புடா."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்த அம்மாள், "காசு குடுத்துட்டு ஒரே ரோட்டையே ரெண்டு தடவை பார்க்கணுமா?" என்றாள். வேறு சமயமானால் அவளுக்குச் சுடச்சுடப் பதில் இருந்திருக்கும். இப்போது டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கடைசி சீட்டுப் பக்கம் திருப்பினான்.

மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கியது. மதியம் மூன்று மணிக்கே தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாகக் கரைந்து போயின, முதலில் தூரத்தில், பிறகு ரோட்டோரத்தில், கடைசியில் ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்கு வந்தது. கூடவே சொட், சொட். அவன் கண்ணாடியில் கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். முக்காடு ஒரே ஒரு முறை நிமிரப் பார்த்தது. சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டான். அதற்குள் முகமே இல்லாவிட்டால்?

வாசலில் வண்டி நின்றது. சாரல் கண்ணாடியில் அடித்தது. டிக்கெட் ஆளின் குடைக்கம்பியிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாசலில் சுருண்டிருந்த நாய்கூடத் தொப்பலாக நனைந்திருந்தது.

அவள் நின்றிருந்தாள். கோட்டு இல்லை, முக்காடு இல்லை. முகம் தெரிந்தது. அவள் முகம்தான். அந்த மூக்கு, நெற்றித் தழும்பு.

"என்னங்க! விட்டுட்டுப் போயிட்டீங்களே, நான் உங்க பொண்டாட்டி இல்லையா?" ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியே எட்டிப் பார்த்தது. மானம் போனது. போகட்டும். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏறு. முன்னாடி ஏறு. என் பக்கத்துல."

அவளை ஏற்றிவிட்டுப் பின்பக்கம் போனான். பின்கதவைத் திறந்தான். பாசி வாடை முகத்தில் அடித்தது. மஞ்சள் கோட்டின் நுனி தெரிந்தது. அதற்கு மேலே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

"இறங்கு."

இறங்கியது. ஒரு கேள்வி இல்லை. கோட்டு முழங்காலில் கிழிந்து, பாசி அப்பியிருந்தது. யாரோ வழுக்கி விழுந்த மாதிரி. அது அவன் எதிரில் நின்றது. காத்திருந்தது.

கதவை அறைந்து சாத்தினான். ஓடினான். முன் சீட்டில் விழுந்தான்.

"எடு. எடுடா!"

"தலை எண்ணலையாண்ணே?"

அவன் மூச்சு வாங்கினான். பக்கத்தில் இருந்தவளின் கை இன்னும் அவன் மணிக்கட்டில் இருந்தது. கை காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. நெற்றியில் ஒரு துளி ஈரமில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தச் சாரலில் நின்றவள்.

நாய்கூட நனைந்திருந்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். வெள்ளைக்குள் ஒரு மஞ்சள். முக்காடு நழுவி விழுந்தது. ஈரக் கூந்தல். அந்த மூக்கு. நெற்றித் தழும்பு. ஒரு கையில் பாட்டில், நிறைய அருவித் தண்ணீர். மூடி சரியில்லை. சொட். சொட். இன்னொரு கையில் மாத்திரை அட்டை. அவனிடம் தூக்கிக் காட்டினாள்.

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தான். மணிக்கட்டில் அந்தக் காய்ந்த விரல்கள் இறுகின. குரல் எழும்பவில்லை.

பக்கத்திலிருந்தவள் திரும்பி வேனுக்குள் நிதானமாக எண்ணினாள். பிறகு அவனுடைய குரலில், அவனுடைய அதே அலுப்போடு சொன்னாள்.

"தலை சரி. போலாம்."

டிரைவர் கியரைப் போட்டான்.

கண்ணாடியில் அவள் ஓடிவந்தாள். விழுந்து அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்திக்கொண்டு ஓடிவந்தாள். கத்தியிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பான். அவள் கத்தவில்லை. அவன் சொன்னபடி, வாயை இறுக்கி மூடிக்கொண்டே ஓடிவந்தாள்.