மூன்று அங்குலம்

பதினைந்து வயதுப் பையனுக்குப் பதினைந்து வயதுதான் என்று எதை வைத்து நிரூபிப்பது? அடுப்பைப் பற்ற வைக்கும்போதும் அவளுக்கு இதே யோசனை. பிறப்புப் பதிவேடு குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. மிஞ்சியிருந்த ஒரே காகிதம், அவன் படையில் சேர்ந்த படிவம், முகாமில் இருந்தது. அது பையனுக்குப் பத்தொன்பது வயது என்றது. அடியில் அவள் கையெழுத்து. ஆனால் அவள் போட்டதல்ல. வெள்ளிக்கிழமை அவனைப் போர்முனைக்கு ஏற்றிவிடுவார்கள்.

நாத்தனார் வாசற்படியில் நின்றபடியே ஆரம்பித்தாள். "நீங்க பெத்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா அண்ணி? எங்கண்ணனோட மொத சம்சாரத்துப் புள்ளைதானேன்னு..." மீதியை அழுகை விழுங்கிவிட்டது.

இரண்டு வயதில் இடுப்பில் ஏறியவனை இறக்கி வைக்காமல் வளர்த்தவள் அவள். தனக்கென்று ஒன்று வேண்டாம் என்று இருந்ததும் அவனுக்காகத்தான். அதைச் சொல்லிக் காட்டி அவளுக்குப் பழக்கமில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் வீட்டுல இருப்பான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அவள் வேலை செய்த தையற்கூடத்துக்குத்தான் முகாமின் சீருடைகள் பழுது பார்க்க வரும். அன்றைய மூட்டையில் ஒரு கால்சட்டை. இடுப்புப்பட்டியின் உள்ளே அவனுடைய எண். நீளத்தைக் கூட்டச் சொல்லிச் சீட்டு குத்தியிருந்தது. கீழ்மடிப்பைப் பிரித்தவள் கை அப்படியே நின்றது. துணியில் வேறு இரண்டு பழைய மடிப்புக் கோடுகள். அவன் படையில் சேர்ந்த ஏழு மாதத்தில் நீளத்தைக் கூட்டுவது இது மூன்றாவது தடவை!

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நேரே முகாமுக்கு நடந்தாள். துவைத்தால் துணி சுருங்கத்தானே செய்யும் என்று அதிகாரி சிரித்தார். அவள் டேப்பை எடுத்து மேசைமேல் அளந்து காட்டினாள். முகாம் மருத்துவர் குனிந்து பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவன் அவளைக் கண்டதும் தலையைத் தொங்கப் போட்டான். மதிப்பெண் அட்டையில் இருந்த அவள் கையெழுத்தைப் பார்த்துப் பழகி, படிவத்தில் போட்டது தான்தான் என்று தேம்பித் தேம்பி ஒப்புக்கொண்டான்.

வியாழக்கிழமை மாலை, விடுவிப்புக் கடிதத்தோடு அவனை வீட்டுக்குள் அழைத்து வந்தாள். நாத்தனார் அவனை விட்டுவிட்டு அவளைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள்.

"என் நாக்குல இடி விழ... என்னை மன்னிச்சிருங்க அண்ணி."

"விடு. நீ அவனுக்கு அத்தை. பதறாம இருப்பியா?"

அழுது ஓய்ந்தபின், அத்தனை பெரிய அதிகாரியை எப்படி நம்ப வைத்தீர்கள் என்று நாத்தனார் கேட்டாள்.

"சேர்ந்த அன்னைக்கு அளவெடுத்துத்தான் மடிச்சுத் தச்சாங்க. அன்னைக்கு எடுத்த அளவு முப்பத்தெட்டு அங்குலம்னு முகாம் பதிவுலயே இருக்கு. இடுப்புலேர்ந்து அந்த மொத மடிப்புக் கோடு வரைக்கும் இன்னைக்கும் அதே முப்பத்தெட்டு. அப்போ துணி சுருங்கல. ஆனா காலுக்கு எட்ட இப்ப நாப்பத்தொண்ணு வேணும். நீண்டது அவன் காலுதான். பத்தொன்பது வயசுக்காரனுக்கு ஏழு மாசத்துல மூணு அங்குலம் வளராதுன்னு டாக்டரே எழுதிக் கொடுத்துட்டார்."