கீழ்ச்சட்டத்துக்குள்

நேற்று பற்றவைத்த தகடு வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

பென்கா கொட்டகைத் தரையில் மண்டியிட்டு அதையே பார்த்தாள். ரூஸே நகரில், ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் வெல்டிங் செய்தவள். அவள் போட்ட ஒட்டு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்தப் பழைய காரில் மற்றதெல்லாம் சரி. ஓட்டுநர் கதவுக்குக் கீழே ஓடும் சட்டம் மட்டும், உள்ளங்கை அகலமே உள்ள, உள்ளே வெற்றான அந்த நீளப் பெட்டி மட்டும், துரு தின்று ஓட்டையாகியிருந்தது. திங்கட்கிழமை வாகனத் தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் காயலான் கடைதான். மகள் இருக்கும் மலையூருக்குப் பேருந்து நின்று இரண்டு வருடமாகிறது.

"என்னக்கா, இன்னும் அந்த டப்பாவோட மல்லுக்கட்டா?" வேலிக்கு அப்பால் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மெத்தோதி கத்தினான். "எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இரேன்!"

"உன் முட்டி தேஞ்சுபோச்சுன்னு உன்ன எடைக்கா போட்டாங்க? மிளகா கருகுது, அதப் பாரு!"

அவன் சிரித்துக்கொண்டே மிளகாய்த் தட்டோடு வீட்டுக்குள் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நடுப்பகல் வெயிலும் சுட்ட மிளகாய்த் தோலின் புகையும் கொட்டகைக்குள் நுழைந்து தரையில் படிந்த அந்த அமைதியில், சட்டத்துக்குள்ளிருந்து, நகத்தால் தகரத்தை மெதுவாகச் சுரண்டுவது போல ஏதோ கேட்டது.

எலியாக இருக்கும். சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினாள்.

உள்ளேயும் மூன்று தட்டு.

நான்கு முறை தட்டினாள்.

ஐந்து வந்தது.

எழுந்து வாசல்வரை போனாள். வெளியே வெளிச்சம். ஓடியிருக்கலாம். ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து கோபம் பொங்கியது. திரும்பி வந்தாள். இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்துத் தன் தகட்டைத் தானே அறுத்தாள். பொறி பறந்தது. தகடு விழுந்தது. சுரண்டல் நின்றது.

ஈரச்சேற்றின் வாடை.

கையுறையோடு உள்ளே கை விட்டாள். துருத்தூள். இன்னும் துருத்தூள். பிறகு விரல்கள்.

அவை அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன. இழுத்தன. அவள் தோள் சட்டத்தில் மோதியது. மெத்தோதியைக் கூப்பிட வாய் திறந்தாள். கூப்பிடாமலே மூடிக்கொண்டாள்.

இரண்டு காலையும் சட்டத்தில் உதைத்து ஊன்றினாள்.

"இது என் வண்டி," என்றாள் பல்லைக் கடித்து. "வெளிய வாடா!"

இழுத்தாள்.

மணிக்கட்டு வந்தது. பொருக்கு உதிரும் பழுப்பு முன்கை. முழங்கை. விடவில்லை, இழுத்தாள். இன்னும் நீண்டது கை. இன்னொரு முழங்கை வந்தது. பிடி தளரவில்லை. அவளும் விடவில்லை.

மூன்றாவது முழங்கை வந்தது.