ஏழாம் முறை திருப்பி அனுப்பியவள்

"ஐயோ... அது என் ஃபைலுங்க!"

கண் மருத்துவமனை பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அவனுடைய ஃபைல் மேல். சொட்டு மருந்து விட்டிருந்ததில் எதிர்ச்சுவரே அவளுக்குப் புகையாகத் தெரிந்தது. வெளியே சாரல். அந்தப் பெரிய கண்கள் அழுதவள் கண்கள்போல மினுங்கின... அவனால் கோபப்பட முடியவில்லை.

"ஸாரிங்க, ஒண்ணுமே தெரியல. அக்கா மருந்து வாங்கப் போயிருக்கா. இந்த மெயிலைக் கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா? சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும். காலையில இதோட வந்த கோடிங்கை மட்டும்தான் பார்த்தேன், அதுக்குள்ள கண்ணு எரிஞ்சிடுச்சு."

போனை வாங்கியவன் முதல் வரியிலேயே விக்கித்துப் போனான். அது அவன் எழுதிய கடிதம்!

எட்டு மாத உழைப்பு. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் கரு, அதாவது எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மைய நிரல், நினைவகத்தில் வேறொரு இடத்தில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். திருட வருபவன் தேடியே அலுத்துப் போக வேண்டும். இந்த வசதி வேண்டாமென்பவர்கள் ஒரு சுவிட்சில் அணைத்துவிடலாம். அந்த நிரலை ஆறு முறை திருப்பி அனுப்பிய, முகம் தெரியாத மகராசி இவள்தானா!

களைத்த குரலில் வாசித்தான். கடைசி வரியை முழுங்கிவிடலாமா? மனசு கேட்கவில்லை.

"'சரிபார்ப்பவருக்குக் களைப்பாக இருந்தால், வேறு யாரிடமாவது கொடுக்கட்டும்.'"

அவள் சோர்வாகச் சிரித்தாள். "திமிரு! ஆனா வேலை சுத்தம். பதில் டைப் பண்றீங்களா? 'ஒரு வரிதான் தப்பு. மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது கரு இருக்கிற அட்ரஸ், யார் வேணாலும் படிக்கிற லாக் ஃபைல்ல பிரிண்ட் ஆகுது. ஒளிஞ்சுக்கிட்டே, நான் இங்கதான் இருக்கேன்னு கத்துற மாதிரி. திருத்தி அனுப்புங்க.'"

அவன் விரல் நின்றது. ஒரு வரியானாலும் சோதனையெல்லாம் முதலிலிருந்து... மென்பொருளின் இந்த வெளியீடு கைநழுவிவிடும்; அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை அடித்தால் போதும். அவளுக்குத் தெரியவா போகிறது?

அவள் சொன்னதையே அட்சரம் பிசகாமல் அடித்து அனுப்பினான்.

"அனுப்பிட்டேங்க. இன்னும் மூணு மாசம் காத்திருக்கணும், அவ்வளவுதானே..."

"நீங்க எதுக்குக் காத்திருக்கணும்?"

"அந்தத் திமிர் புடிச்சவன் நான்தாங்க... இங்கதான் இருக்கேன். எட்டு மாசமா உங்ககிட்ட திட்டு வாங்கத்தான் காலையில மெயிலையே திறக்கறேன். அலுத்துப் போச்சுன்னு நினைச்சேன். அலுக்கல. உங்களைப் பிடிச்சுப் போச்சு."

அவள் கலங்கலாகத் தெரிந்த அந்த முகத்தை வெகுநேரம் தேடினாள்.

"மத்தவங்களுக்கு நான் ரெண்டு தடவைக்கு மேல பதிலே போடறதில்ல," என்றாள் மெல்ல. "எழுந்து போயிடாதீங்க. கண்ணு தெளியட்டும்... உங்களைப் பார்க்கணும்."