குறட்டை விட்ட பிணம்!

"ஐயோ...!"

எரியூட்டும் கூடத்து ஊழியரின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

உலையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நெருப்பு தயார். வெளியே தள்ளுவண்டியில் பிணம் தயார். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

பிணம் குறட்டை விட்டது!

நெருப்பில் எழுந்து உட்காரும் பிணங்களைக்கூடப் பார்த்துப் பழகியவர் அந்த ஊழியர். குறட்டை விடும் பிணம் அவருக்கு இதுதான் முதல் தடவை.

முகத்துத் துணியை விலக்கினார்.

மீசைகூடச் சரியாக அடராத இளைஞன். கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் கருவளையம். உதடு அசைந்தது.

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர்... டிரிப் ஓடட்டும்... இதோ வந்துடறேன்..."

ஊழியர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோதும் 'பிணம்' எழுந்திருக்கவில்லை.

கான்ஸ்டபிள் கன்னத்தில் தட்டினார். தண்ணீர் தெளித்தார். பயன் இல்லை. கால் பெருவிரலில் கட்டியிருந்த அட்டையைக் குனிந்து படித்தார்.

"ஆண், வயசு அறுபத்தெட்டுன்னு போட்டிருக்குங்க ஐயா."

"அப்படியா?"

"நல்லா உடம்பைக் காப்பாத்தி வெச்சிருக்காரு!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அட்டையின் மீதி வரிகளைப் படித்தார். 'தொற்று நோய். துணியைப் பிரிக்கக் கூடாது. உடனே எரிக்கவும்.' அடியில் பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் கையெழுத்து.

பிரிக்காமல் எரித்திருந்தால்...?

இன்ஸ்பெக்டர் அட்டையை நூலோடு கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பையனைத் தூக்கி ஜீப்ல போடுய்யா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

*

துறைத் தலைவரின் அறையில் ஏசி உறுமியது. ஆஸ்பத்திரியே அவரை 'சீஃப்' என்றுதான் கூப்பிடும். பின்னால் சுவரில் அவருடைய சிரித்த முகம், ஆள் உயரத்துக்கு. கீழே வாசகம்: 'இளம் மருத்துவரே! உங்கள் மனநலம் என் பொறுப்பு!'

பொறுப்பு இப்போது கொதித்துக்கொண்டிருந்தது.

"கேரக்டர் இல்லை இன்ஸ்பெக்டர்! இந்தத் தலைமுறைக்கே கேரக்டர் கிடையாது! நாங்க பயிற்சில இருந்தப்போ மூணு நாள் சேர்ந்தாப்ல தூங்காம வேலை பார்ப்போம். தெரியுமா?"

"பொழைச்சாங்களா சார்?"

"யாரு?"

"பேஷன்ட்ஸ்."

சீஃப் முறைத்தார். அந்தப் பார்வைக்கு ஒரு வார்டே நடுங்கும். இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவிதான் வந்தது.

"அந்தப் பையன் யாரு?"

"முதல் வருஷ பயிற்சி டாக்டர். கோழின்னு கூப்பிடுவாங்க. நின்ன இடத்துல கோழித் தூக்கம் போடற பிறவி!"

"அட்டையில இருக்கற பெரியவர்?"

"ரிட்டயர்டு ரயில் டிரைவர். நேத்து வயித்துல ஆபரேஷன். விடியக்காலை போயிட்டார்."

"தொற்று நோயாலயா?"

சீஃப் மேஜையில் இருந்த பூங்கொத்தை நகர்த்தினார். பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"உண்மையைச் சொல்லிடறேன். ஆபரேஷன்ல அந்தக் கோழிக்கு ஒரே வேலை. ஈரலை ஒதுக்கிப் பிடிக்கற கொக்கியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவன் நின்னுக்கிட்டே தூங்கிட்டான்! கொக்கி ஈரலைக் கிழிச்சிருச்சு. உள்ளேயே ரத்தம் கசிஞ்சு ஆள் முடிஞ்சார். அவன் எதிர்காலம் பாழாயிடக் கூடாதேன்னுதான் அப்படி எழுதினேன். அது என் கருணை!"

"கருணைக்கு எந்த செக்‌ஷன்னு பார்த்துச் சொல்றேன் சார். தையல், முடிச்சு இதெல்லாம்கூட அந்தப் பையன்தான் போட்டானா?"

"அவன் கையில நூலைக் கொடுப்பேனா? ஒரு முடிச்சுகூட அவன் போடலை! எல்லாம் இந்தக் கை!" சீஃப் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மோதிரம் மின்னியது. "பயத்துல அவன்தான் உடம்பை எங்கேயோ ஒளிச்சுட்டான். பிடிச்சு உள்ளே தள்ளுங்க. இன்னிக்கு எனக்கு நேரமில்லை. வெளியூர்ல இருந்து மதிப்பீட்டுக் குழு வருது."

"எதை மதிப்பிட?"

"பயிற்சி டாக்டர்களோட நலன்ல நாங்கதான் முதலிடம்! ஓய்வறை கட்டியிருக்கேன். மசாஜ் நாற்காலி, மெல்லிசை, எல்லாம் உண்டு!"

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று இன்ஸ்பெக்டரின் அம்மா சொல்வாள். அம்மா இந்த ஆளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அளவெடுத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

*

நடைபாதை முழுக்கப் படுக்கைகள். படுக்கைகளுக்கு இடையில் ஒரு பெண் டாக்டர் நின்றபடியே பிஸ்கட்டைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். கோழிக்கு ஒரு வருஷம் சீனியர்.

"உட்கார்ந்து சாப்பிடக் கூடாதாம்மா?"

"உட்கார்ந்தா தூங்கிடுவேன் சார்."

"கோழி எப்படிப்பட்ட ஆளு?"

"முட்டாள் சார். காய்ச்சல்ல ஒரு கையில டிரிப் ஏத்திக்கிட்டே அடுத்த கையால வார்டு பார்ப்பான். முடியலைன்னு சொன்னா சீஃப் 'கேரக்டர் இல்லை'ம்பார். அதுக்குப் பயந்தே சாவான்."

"உங்க சீஃப்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மீதி பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நேத்து நானும் தியேட்டர்ல இருந்தேன். சீஃப் குழுவுக்கான வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணினார். நர்ஸம்மா பேப்பரைத் தூக்கிக் காட்ட, இவர் படிக்க... 'ஓய்வே மருத்துவனின் முதல் மருந்து'ன்னு."

"அப்போ கோழி?"

"மூணாவது நாளா வீட்டுக்குப் போகலை சார். கொக்கியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கண்ணு மூடித்தான் இருந்துச்சு. கை அசைஞ்சுதா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

*

வராந்தா பெஞ்சில் கோழி சுவரில் தலை சாய்த்துக் கிடந்தான். கான்ஸ்டபிள் வாங்கிக் கொடுத்த காபி கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்தார். அவன் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பொத்தான் துளைகளில் கறுப்பு நூல்... வரிசையாகக் குட்டிக் குட்டி முடிச்சுகள்.

"இது என்ன தம்பி, வேண்டுதலா?"

கோழி கண்ணைத் திறக்காமலே பேசினான். "பிராக்டிஸ் சார். அறுவை சிகிச்சைல இருக்கறவங்க எல்லாரும் போடுவோம். கோட்டு, நாற்காலி, கதவுப் பிடி... கை சும்மா இருந்தா முடிச்சுப் போடும்."

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். பெருவிரலில் அதைக் கட்டியிருந்த நூலும் அப்படியே இருந்தது. கறுப்பு நூல். இறுக்கமாக, நுனி சமமாக வெட்டிய முடிச்சு. வார்டு ஆட்கள் துணிக் கிழிசலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குப் பொறுமை.

கோட்டோடு சேர்த்துப் பிடித்தார். ஒரே கை!

"தம்பி... உன்னை யாரும் பிணமாக்கலை. நீயே உன் கால்ல இந்த அட்டையைக் கட்டிக்கிட்டே!"

கோழியின் கண்கள் இப்போது திறந்தன. காபி கோட்டில் சிந்தியது.

"ஆமா சார்."

"ஏன்டா?"

"போஸ்ட்மார்ட்டம் பண்ணலாம்னு சீஃப்கிட்ட கேட்டேன். 'பண்ணினா நீ ஜெயிலுக்குப் போவே, வாயை மூடு'ன்னார். தொற்று நோய்னு அட்டை எழுதிட்டார். அந்தப் பெரியவரோட பொண்ணு வெளியூர்ல இருந்து வந்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க வர்றதுக்குள்ள எரிச்சுடணும்னு வேன் வந்துருச்சு. வண்டி காலியா இருந்தா தேடுவாங்க. அதனால பெரியவரை ஒளிச்சுட்டு நான் படுத்தேன். தொற்று நோய்னா யாரும் கிட்ட வர மாட்டாங்க, தொட மாட்டாங்க. அப்படியே தள்ளிக்கிட்டு ஓடுவாங்க."

"எப்படித் திரும்பி வர்றதா இருந்தே?"

"வேன் நின்னதும் இறங்கி ஓடிடலாம்னு..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா படுத்தேன் சார். அவ்வளவுதான் ஞாபகம்."

கான்ஸ்டபிள் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நெருப்புக்குப் போற வழியிலயுமா தூங்குவே!"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "போஸ்ட்மார்ட்டத்துல நீதான் கொன்னேன்னு வந்தா?"

"எனக்கே தெரியலை சார். கண்ணு சொருகிச்சு. அது நிஜம். கை நழுவிச்சா, தெரியாது. உடம்பை எரிச்சுட்டா எப்பவுமே தெரியாது. நான் கொலைகாரனா இல்லையான்னு தெரியாமலே காலம் பூரா அடுத்தவங்க வயித்தைக் கிழிக்கணும். என்னால முடியாது சார்."

"ஜெயில்னா?"

"அங்கே நைட் டியூட்டி இல்லைதானே சார்?"

எரிச்சலோடு வந்த இன்ஸ்பெக்டருக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதை மறைக்க அதட்டினார்.

"பெரியவர் எங்கேடா?"

கோழி குனிந்து அவர் காதில் ஒரே ஒரு வரி சொன்னான்.

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"நாம எதுவும் செய்ய வேணாம்யா. சீஃப் பின்னாலயே போவோம். அவரே காட்டுவார்!"

*

மதிப்பீட்டுக் குழு வந்துவிட்டது. கோட்டு சூட்டு ஆசாமிகள், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சீஃப் முன்னாலும் பின்னாலும் நடந்து வழி காட்டினார். அவ்வளவு பணிவு அந்த முதுகில் இருக்கிறதென்று வார்டுக்கு இன்றுதான் தெரிந்தது.

கண்ணாடி அம்மாள் கேட்டாள். "இந்த ஓய்வறையை நிஜமாவே யாராவது பயன்படுத்தறாங்களா?"

"தினமும் மேடம்! வந்து படுத்தா எழுந்திருக்கவே மனசு வராது!"

சீஃப் கதவைத் தள்ளினார்.

ஏசிக் குளிர் முகத்தில் அறைந்தது. கூரை முழுக்க வண்ண பலூன்கள். 'நிம்மதி' என்று சுவரில் தங்க எழுத்து. நடுவே மசாஜ் நாற்காலிக்குப் பக்கத்தில்...

ஒரு தள்ளுவண்டி. அதில் கழுத்துவரை போர்த்திய ரயில் டிரைவர்!

"ஆ...!" கண்ணாடி அம்மாளின் கண்ணாடி கழன்று விழுந்தது.

சீஃபின் வாய் திறந்தபடியே நின்றது. வரவேற்புரை வரவில்லை.

"எழுந்திருக்கவே மனசு வராதுன்னீங்களே, கரெக்ட் சார்!" என்றார் இன்ஸ்பெக்டர். "விடியக்காலைல இருந்து அப்படியே இருக்கார்."

"யாரு... யாரு இந்த ரூமைத் திறந்தது?"

பின்னாலிருந்து கோழி சொன்னான். "நீங்கதான் சார் சாவி கொடுத்தீங்க. டியூட்டி முடிஞ்சதும் பலூன் ஊதி வைக்கச் சொன்னீங்க. கட்டினதுல இருந்து யாருமே வராத ரூம் இதுதான். குளிராவும் இருந்துச்சு."

*

சாயங்காலம் பிணவறை டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

வெளியே எல்லோரும் நின்றார்கள். சீஃப். சீனியர் பெண். பயணக் களைப்போடு, பையைக்கூடக் கீழே வைக்காமல், ரயில் டிரைவரின் மகள். கோழி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"ஈரல்ல ஒரு கீறல்கூட இல்லை. கொக்கி பிடிச்ச கை அசையவே இல்லை."

கோழி அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அப்போ... நான் இல்லையா சார்?"

"நீ இல்லைப்பா. பெரிய ரத்தக்குழாய்ல போட்ட முடிச்சு அவிழ்ந்திருக்கு. புடவைத் தலைப்புல சில்லறை முடியற மாதிரி ஒரு முடிச்சு. முதல் வருஷப் பசங்களே போட மாட்டாங்க."

"அவன்தான்!" சீஃப் பாய்ந்தார். "அந்த முடிச்சு அவன் போட்டதுதான்!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "காலைல சார் என்னய்யா சொன்னார்?"

"'ஒரு முடிச்சுகூட அவன் போடலை, எல்லாம் இந்தக் கை'ன்னாருங்க ஐயா. தூக்கியும் காட்டினாரு."

நுணல் தன் வாயால் கெட்டது!

சீனியர் பெண் ஓரடி முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை. "அந்த முடிச்சைப் போட்டது சீஃப்தான். பேப்பரைப் பார்த்துப் பேசிக்கிட்டே போட்டார். எங்கே வேணா வந்து சொல்றேன்."

"கையை நீட்டுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதே கையை. இதுக்கு முடிச்சு தேவையில்லை, விலங்குல பூட்டே இருக்கு."

சீஃப் தலை குனிந்து நடந்தார். அவருடைய ஆள் உயரப் படம் மட்டும் மாடியில் சிரித்துக்கொண்டே இருந்தது.

மகள் கோழியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதிருந்தாள். இன்னும் அழுதாள்.

"எங்கப்பா ரயில் ஓட்டினவர் தம்பி. கண்ணு அசந்தா வண்டியைத் தொடவே விட மாட்டாங்க. இறக்கிவிட்டு வேற ஆளை ஏத்துவாங்க. உங்களை மட்டும் ஏன் தம்பி யாருமே இறக்கிவிடலை?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கோழி சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை.

"ஸ்டேட்மென்ட் வாங்கணுமே ஐயா?"

"நாளைக்கு வாங்கிக்கலாம். எழுப்பறவனை நான் உள்ளே போடுவேன்."

கான்ஸ்டபிள் எங்கிருந்தோ ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்தார். "குளிருது பாவம். போத்திவிடட்டுமா?"

"போத்துய்யா. ஆனா கழுத்துக்கு மேல மட்டும் போத்தாதே... மறுபடியும் எவனாவது தள்ளிக்கிட்டுப் போயிடுவான்!"