கழுவிக் கவிழ்த்த ஜாடிகள்

மாலை 3.50.

ஊறுகாய் அக்கா பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, விளக்கைப் போட்டாள். மூன்று வாரமாக அந்த அறைக்குள் கால் வைத்தாலே கடுகும் நல்லெண்ணெயும் மூக்கில் ஏறும். இன்று சோப்பு மணந்தது.

ஆறு ஜாடிகளும் சுவரோரம் தரையில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒன்றை நிமிர்த்திப் பார்த்தாள். உள்ளே ஒரு மாங்காய்த் துண்டு இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஜாடியின் வாய்க்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணிகளைக்கூட யாரோ துவைத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டிருந்தார்கள்.

மொத்தம் நாற்பத்தெட்டு கிலோ. ஒவ்வொரு மாங்காயாகத் துடைத்து, ஈரம் உலர்த்தி, ஓட்டோடு நறுக்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறிவிட்டு ஊறவைத்தது. செவிலியர் விடுதியில் நூற்றெண்பது பெண்களுக்குப் போக வேண்டியது. நாலு மணிக்கு வேன் வந்தபோது அக்கா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். போலீசுக்குப் போன் செய்தவர் வேன் டிரைவர்தான்.

மாலை 4.25.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான பெண்மணி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். ரத்த அழுத்தத்துக்காக ஊறுகாயை விட்டு மூன்று வருடம் ஆகிறது என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டார். அந்த அறையில் சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்தார் போல.

அக்கா நடந்ததைச் சொன்னாள். கணவர் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் பாதி நாள் கடல்மேல். அக்கம்பக்கத்துக்கு ஊறுகாய் போட்டுக் கொடுத்துப் பழகிய கைக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் இது. இன்று மதியம் ஒன்றே முக்காலுக்கு அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஒரு வாரமாகக் கால் வீங்குகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். ஊறுகாய் போடுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது என்று அக்கா அந்தத் துக்கத்திலும் முறையிட்டாள்.

"பூட்டுக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணுதான்."

"பூட்டு எப்ப வாங்கினது?"

"மாமியார் வாங்கினது. கூட்டுக் குடும்பமா இருந்தப்ப இதுதான் சமையலறை."

"இப்ப மாடியில யாரு?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "ஆள் இருக்கு."

அந்த ஆள் கொழுந்தனின் மனைவி, அதாவது அக்காவின் ஓர்ப்படி. அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு மாதம் வெளியூரில் பயிற்சி முடித்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். இவ்வளவையும் இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும்தான். அக்காவின் தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறான். அவன் தராசில் எடை குறைகிறது என்று ஓர்ப்படி ஒரு நாள் சொல்ல, வார்த்தை தடித்து, அடுப்பு இரண்டாகிவிட்டது.

அக்காவின் சந்தேகம் முழுக்க அடுத்த தெரு ஊறுகாய்க் கடைக்காரர் மேல்தான். விடுதி ஆர்டரை அவரும் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை.

"பாருங்க மேடம், ஈரத்தோட சிமெண்ட் தரையில கவுத்திருக்கான் பாவி. இனிமே இந்த ஜாடிங்களை ரெண்டு நாள் வெயில்ல காயப் போடாம தொட முடியாது."

இன்ஸ்பெக்டர் அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாலை 5.10.

கடைக்காரர் மிளகாய்த்தூள் படிந்த மீசையோடு வந்து நின்றார். மதியம் முழுக்கக் கடையில் இருந்ததாகச் சொன்னார். கடையில் இருந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். சந்தேகப்பட்டதற்கு அவர் கோபப்படவில்லை. தொழிலில் போட்டி என்றால் முதலில் தன் பெயர்தான் வரும் என்றார்.

"ஆனா ஒண்ணு மேடம். திருட வந்தவன் ஜாடியோடதான் தூக்கிட்டுப் போவான். உக்காந்து கழுவிட்டா போவான்?"

"அந்த அம்மா ஊறுகாய் எப்படி?"

"கைப்பக்குவம் அபாரம். நான் போடறதைவிட நல்லாயிருக்கும்னே வச்சுக்கங்க. இந்தத் தடவை கடுகுதான் எங்கேயோ மலிவா வாங்கியிருக்காங்க. தம்பி கொண்டாந்தான்னாங்க. எனக்கும் வேணும்னு கேட்டேன், தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க."

மாலை 5.40.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஊறுகாய் அறைக்கு வந்தார். இந்தத் தடவை காணாமல் போனதைப் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பதைப் பார்த்தார். இரண்டு டின் நல்லெண்ணெய், மூடிகூடத் திறக்கவில்லை. ஒரு மூட்டை மிளகாய்த்தூள். பெருங்காய டப்பா, வெந்தயம், கல்லுப்பு. மேல் தட்டில் ஒரு வெள்ளி விளக்கு. எதையும் யாரும் தொடவில்லை.

உப்புச் சாக்குக்குப் பக்கத்தில் தரையில் ஒரு வட்டம் மட்டும் தூசி இல்லாமல் இருந்தது.

"இங்க என்ன இருந்தது?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் இப்போதுதான் குழப்பம் வந்தது.

"கடுகு. ஊறுகாய்க்கு அரைச்சது போக அரை மூட்டை மிச்சம் இருந்தது. ஊறுகாய் போன பதட்டத்துல அதை நான் பாக்கவே இல்லையே."

"அரைக்கறதுக்கு முன்னால கடுகை என்ன செஞ்சீங்க?"

"கழுவி மொட்டைமாடியில காயப் போட்டேன். ஒரு மாசம் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "டாக்டர்கிட்ட இருந்தப்ப உங்களுக்குப் போன் வந்ததா?"

"மூணு தடவை அடிச்சது. எடுக்கலை."

கையை நீட்டிப் போனை வாங்கிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். மூன்று அழைப்பும் ஒரே எண்ணிலிருந்து. அதற்கு அக்கா வைத்திருந்த பெயர் 'மாடி'.

மாலை 6.05.

மாடிக் கதவு உடனே திறந்தது. ஓர்ப்படி கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். விரல்கள் சிவந்து உப்பியிருந்தன. உள்ளே மேசைமேல் ஒரு கிண்ணத்தில் தயிர். இத்தனை நேரம் அவள் கையை அதில்தான் அமிழ்த்தி வைத்திருந்தாள்.

"பழக்கமில்லாத கையால மிளகாய்க் காரத்தைத் தொட்டா இப்படித்தான் எரியும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் மறுக்கவில்லை. "அக்கா வரட்டும் மேடம். ஒரே தடவையா சொல்லிடறேன்."

ஆறு வருடத்தில் முதல் முறையாக அக்கா மாடி வீட்டுக்குள் போகப் படியேறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். அறைக்குள் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நின்றபடியே பேசினார்.

"உங்க ஊறுகாயை எடுத்தது உங்க ஓர்ப்படிதான். பூட்டை யாரும் உடைக்கலை. கூட்டுக் குடும்பத்துச் சமையலறைக்கு மாமியார் ஒரே ஒரு சாவியா வச்சிருப்பாங்க? ரெண்டு மருமகளுக்கும் ஒவ்வொண்ணு குடுத்திருப்பாங்க. அடுத்தது, ஜாடிங்களை ஈரத்தோட கவுத்திருந்தது. இதை நீங்களே சொன்னீங்க. ஊறுகாய்த் தொழில்ல இருக்கற யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. அதனால கடைக்காரர் இல்லை. நாம எல்லாரும் போன ஊறுகாயையே பாத்துக்கிட்டு இருந்தோம். கூடவே போன கடுகை யாரும் பாக்கலை. விலை கூடின எண்ணெயை விட்டுட்டு அரை மூட்டைக் கடுகை எதுக்குத் தூக்கணும்? ஜாடியையும் துணியையும் துளி மிச்சம் இல்லாம எதுக்குக் கழுவணும்? அதுல இருந்தது ஒருத்தர் வாயிலயும் படக்கூடாதுன்னு நினைச்சவங்கதான் அப்படிக் கழுவுவாங்க. பொறாமையில செய்யறவங்க முன்னாடியே மூணு தடவை போன் பண்ண மாட்டாங்க. அந்தக் கடுகுல என்ன இருந்ததுன்னு மட்டும் எனக்குத் தெரியலை. அதை இவங்கதான் சொல்லணும்."

ஓர்ப்படி ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்தாள். அதில் இரண்டு சிறு குவியல்கள். கையில் பிடித்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி ஒன்றையும் அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"இது கடுகு. வழுவழுன்னு இருக்கும். இது பிரம்மதண்டு விதை. நிறம் ஒண்ணுதான், ஆனா மேல வலை பின்னின மாதிரி சொரசொரப்பா இருக்கும். ரோட்டோரத்துல முள்ளும் மஞ்சள் பூவுமா நிக்குமே, அந்தச் செடி. விஷம்."

காலையில் மொட்டைமாடியைப் பெருக்கும்போது தண்ணீர் போகும் துளை ஓரத்தில் இந்த விதைகள் சிக்கிக் கிடந்தன என்றாள். சந்தேகம் வந்து அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு ஓடிவந்தபோது கீழே பூட்டு. தன்னிடமிருந்த பழைய சாவியால் திறந்து, மூட்டையில் கைவிட்டு அள்ளி எண்ணினாள். நூற்றுக்கு ஒன்பது விஷ விதை. மணி இரண்டரை. நாலு மணிக்கு வேன் வரும் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. போனில் அக்கா எடுக்கவில்லை. ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, கடுகு மூட்டையோடு மாடிக்குத் தூக்கிவந்து குளியலறையில் வைத்தாள். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்று கீழே கொட்டாமல் வைத்திருந்தாள்.

"காத்திருந்து சொல்லியிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தம்பி குடுத்த கடுகு சரியில்லைன்னு நான் சொன்னா அக்கா நம்புவாங்களா மேடம்? ஒரு தடவை தம்பியைப் பத்திச் சொன்னதுக்கே ஆறு வருஷம் ஓடிப்போச்சு. வேன் வர்றதுக்குள்ள அக்காவை நம்ப வைக்க என்னால முடியாதுன்னு தோணுச்சு. ஊறுகாயைக் கொட்டறதுதான் என்னால முடிஞ்சது. கொட்டிட்டேன்."

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு விரலால் ஒரு விதையை எடுத்து உருட்டினாள். ஆயிரம் தடவை கடுகைத் தொட்ட விரல் அது. சொரசொரப்பு அதற்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஓர்ப்படியின் பார்வை கீழே போனது. அக்காவின் பாதத்தில் செருப்பு வார் அழுந்திய தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"அக்கா, நீங்க இதைச் சாப்பிட்டீங்களா?"

"தினமும் சோத்துல போட்டு ருசி பாப்பேன். பதம் தெரியணுமே." அக்கா சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினாள்.

"இந்த விதை உள்ள போனா முதல்ல காலைத்தான் வீங்க வைக்கும். அப்புறம் மூச்சு, நெஞ்சு. எழுந்திரிங்க. இப்பவே போகணும்."

இன்ஸ்பெக்டரின் ஜீப் கீழே தயாராக நின்றது.

மாலை 7.15.

ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்தார், நெஞ்சைப் படம் எடுத்தார், விதையைப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரம் சாப்பிட்டிருந்தால் இதயத்தைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். நூற்றெண்பது பேர் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தம்பி தலைதெறிக்க ஓடிவந்தான். லாரியில் வந்த முகம் தெரியாத வியாபாரியிடம் மலிவு என்று வாங்கியது. விஷம் என்று அவனுக்குத் தெரியாது. அக்கா காலடியில் உட்கார்ந்து அழுதான். அதே கடுகை வேறு இரண்டு வீடுகளுக்கும் விற்றிருந்தான். இன்ஸ்பெக்டர் அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பொட்டலங்களை வாங்கிவந்தார். ஒன்று பிரிக்கவே இல்லை. மற்றொன்றில் இரண்டு நாள் தாளித்ததோடு சரி. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது வார்டில் ஓர்ப்படி கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, நர்ஸிடம் கேட்டு வாங்கிய களிம்பை விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தராசைப் பத்தி நீ சொன்னதும் சரிதான்," என்றாள் அக்கா. "அன்னிக்கே தெரியும். கூடப் பொறந்தவனாச்சேன்னு விட்டேன். உன்னைப் பேசினது தப்பு. இன்னிக்கு நீ நல்லா இருன்னு நூத்தியெண்பது வீட்டுல சொல்லணும். அவங்க யாருக்கும் தெரியாது. நான் ஒருத்தி சொல்றேன், அவ்வளவு பேருக்கும் சேத்து."

ஓர்ப்படி மற்றொரு கையையும் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "புகாரை என்ன செய்யலாம்?"

"திருட்டுன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிச்சிடுங்க மேடம்."

"அடிச்சா மேல கேள்வி கேப்பாங்க. 'பொருள் வீட்டிலேயே கிடைத்தது'ன்னு எழுதிக்கறேன். பொய் இல்லையே."

அக்கா பதினெட்டு நாள் படுத்திருந்தாள். மூன்று வேளையும் சாப்பாடு மாடியிலிருந்துதான் வந்தது. அந்த வியாபாரி வேறொரு சந்தையில் பிடிபட்டான். நடந்ததைக் கேட்ட விடுதி மேற்பார்வையாளர் ஆர்டரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த காய்ப்பு வரை காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

காத்திருந்தார்கள். புது மாங்காய் வந்தது. நறுக்கி, உப்பில் பிசறி, மற்ற எல்லாம் தயாரான பிறகும் அக்கா அரவை மெஷினுக்குப் பக்கத்தில் கடுகைப் போடாமல் நின்றாள். பிறகு படிக்கட்டின் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

மேலே தாள் மடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு விடாம பாத்தாச்சுக்கா. அரைங்க."

அக்கா மெஷினைப் போட்டாள்.